மேலத்தெருக் குழாயில் தண்ணீர் வரும் விதம்

கடவுள் உண்டா இல்லையா என்று இரண்டு பேர் நின்று மனசாரச் சண்டை போட்டால்தான் எட்டிமரத்துப்பட்டி மேலத்தெருக் குழாயில் தண்ணீர் வரும் என்பது, அந்தத் தெருவுக்கு மருமகளாக வந்திறங்கும் பெண்ணுக்கு விளக்கேற்றச் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிக்கொடுக்கப்படும் சங்கதி. அவளும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். அவள் பிறந்த ஊரில் தண்ணீர் லாரியில் வரும், அல்லது வராது. இங்கே இப்படி வருகிறது போல என்று மறுநாள் காலையிலேயே குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்து நிற்பாள்.

அந்தக் குழாயைப் பேரூராட்சிதான் நட்டது. மாலை போட்டு, படம் பிடித்து, கைதட்டித் திறந்துவைத்தார்கள், காற்று வந்தது. அடுத்த ஆறு வருஷமும் காற்றேதான் வந்தது. எருமைகள் முதுகு சொறிந்துகொள்ள வாகாக இருந்ததால் யாரும் அதைப் பிடுங்கிப் போடவில்லை. குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் பகலவனின் கரும்பலகை இருந்தது. பகலவன் மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா வைத்த பெயர் மாடசாமி. இருபத்திரண்டு வயதில் ஒரு பகுத்தறிவுக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தவர், எழுந்து வரும்போது பகலவனாக வந்தார். தினமும் காலையில் சாக்பீஸால் ஒரு கேள்வியை எழுதிவைப்பார். அன்றைக்கு எழுதியது, கல்லுக்குப் பால் ஊற்றுகிறவனே, கன்றுக்குட்டிக்கு என்ன வைத்தாய் என்பது.

குழாய்க்கு நேர் எதிரே முப்பிடாதியின் சேவுக்கடை. முப்பிடாதி அந்த ஊர் அம்மன் பெயரையே தன் பெயராகக் கொண்டவர். காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, எண்ணெய்ச் சட்டியை ஏற்றி, முதல் ஈட்டுச் சேவை அள்ளி ஒரு வாழையிலைத் துண்டில் அடுப்பின் ஈசான மூலையில் அம்மனுக்கு வைத்துவிட்டுத்தான் இரண்டாவது ஈட்டுக்கு மாவு பிழிவார். அன்றைக்குப் பலகையைப் படித்தவர் கரண்டியோடு தெருவுக்கு இறங்கினார். "என் வீட்டுக் கன்னுக்குட்டி பட்டினி கிடந்ததை நீரு பாத்தீரா வே?" என்று ஆரம்பித்தது, கன்றுக்குட்டியை விட்டு, பாலை விட்டு, வானத்துக்கு ஏறி, அங்கே ஆள் இருக்கிறதா இல்லையா என்பதில் வந்து நின்றது. நாற்பது வருஷமாக இருவருக்கும் அது வழக்கம்தான். கால் நனைந்த பிறகுதான் இருவரும் குனிந்து பார்த்தார்கள். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் வாயை மூடியதும் நின்றது.

அதிசயத்தைப் பார்த்து வாய் பிளந்து நிற்க மேலத்தெருப் பெண்களுக்கு நேரம் கிடையாது. குடத்தைக் கொண்டுவரத்தான் ஓடினார்கள். ஒரு வாரத்துக்குள் காலையில் ஆறு முதல் ஏழரை, சாயங்காலம் அரை மணி என்று நேரம் வகுத்தாகிவிட்டது. வரிசைக்கு உச்சிமாகாளி பொறுப்பு. அவள் போட்ட வரிசையைக் கலைக்க ஆம்பளைகளுக்கும் தைரியம் கிடையாது. ஒரு மாதத்துக்குள் குழாயின் குணமும் பிடிபட்டுவிட்டது. இருவரில் ஒருவர் ஜெயிக்கப் போனால் தண்ணீர் நூலாக இளைக்கும். உடனே வரிசையிலிருந்து தோற்கிறவருக்கு எடுத்துக்கொடுப்பார்கள். "அண்ணாச்சி, கருவுல இருக்கிற பிள்ளைக்கு நகம் மொளைக்கே, அது எப்படின்னு கேளுங்க" என்று முப்பிடாதிக்கு ஒருத்தி சொல்லுவாள். அவர் மேலேறினால் அவளே, "சாமி எல்லாத்தையும் படைச்சாருன்னா கொசுவை எதுக்குப் படைச்சாருன்னு விடாதீங்க" என்று பகலவன் பக்கம் சாய்வாள். பூர்வ ஜென்மம் என்றால் பன்னிரண்டு குடம். கடவுளைப் படைத்தது யார் என்றால் இருபதுக்குக் குறையாது. கம்பமும் கம்பியும் வந்தால் தொட்டியே நிறையும்.

"முப்பத்தஞ்சு வருசம் கம்பத்துல ஏறி இறங்கியிருக்கேன்வே. மேல காக்கா இருக்கு, கம்பி இருக்கு. உம்ம ஆளைக் காணோம்" என்பார் பகலவன்.

"கம்பியில கரண்டு ஓடுதே, அதை என்னைக்காவது கண்ணால பாத்திருக்கீரா?"

"தொட்டாத் தெரியும்."

"அதையேதான்வே நானும் சொல்லுதேன்."

இருவரையும் நம்பி ஒரு தெருவே இருப்பது சரியில்லை என்று தெருக்காரர்கள் மாற்று ஏற்பாடும் செய்துபார்த்தார்கள். மதுரையிலிருந்து பட்டிமன்றப் பேச்சாளர்கள் இருவரை வரவழைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், குழாய் இரண்டு தரம் ஏப்பம் விட்டது. இவர்களின் சண்டையையே டேப்பில் பிடித்துப் போட்டுப் பார்த்தார்கள். குழாய் அசையவில்லை. மாமியார் மருமகள் சண்டை, வாய்க்கால் வரப்புச் சண்டை, ஓட்டுச் சண்டை எதற்கும் அது மசியவில்லை. சொல்லுகிறவனுக்குச் சொல்லுகிற சங்கதி முக்கியமாக இருக்க வேண்டும், கேட்கிறவன் அதைவிட முக்கியமாக இருக்க வேண்டும், அப்போதுதான் வரும் என்று உச்சிமாகாளி தீர்ப்புச் சொன்னாள். அதற்குமேல் யாரும் ஆராயவில்லை.

பக்திக்காரர்கள் குழாய்க்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, இது அம்மன் செயல் என்றார்கள். பகலவனின் தோழர்கள் அதே குழாயில் ஒரு தகரத்தைக் கட்டி, இது காற்றழுத்தம் என்று எழுதினார்கள். மஞ்சளும் இருந்தது, தகரமும் இருந்தது. பேரூராட்சி இன்ஜினியர் ஒருநாள் ஆட்களோடு வந்து தோண்டினார். பன்னிரண்டு அடியில் குழாய் முடிந்துபோயிருந்தது. அதற்கப்பால் கரிசல் மண்தான். இன்ஜினியர் குழியை மூடச் சொல்லிவிட்டு, இணைப்பு தரப்பட வேண்டியுள்ளது என்று எழுதிக்கொண்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

இப்படியே ஐந்து வருஷம் ஓடியது. இந்த ஐந்து வருஷத்திலும், அதற்கு முன்னால் இருந்த வருஷங்களிலும், பகலவன் தொடாத விஷயம் ஒன்று உண்டு. முப்பிடாதிக்குப் பூங்கோதை என்று ஒரு மகள் இருந்தாள். ஆறு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். இறைவன் இருந்தால் பச்சைப்பிள்ளை ஏன் சாகிறது என்பது இல்லை என்கிற கட்சிக்காரர்களிடம் இருப்பதிலேயே பெரிய ஆயுதம், அதை வைத்து முப்பிடாதியை ஒரே நாளில் சாய்த்திருக்கலாம். பகலவன் எடுத்ததே இல்லை. பேச்சு எப்போதாவது தானாக அந்தப் பக்கம் திரும்பினால் அவசரமாகக் கிரகணத்துக்குத் தாவுவார். தண்ணீர் சட்டென்று இளைக்கும், பெண்கள் முனகுவார்கள், ஏன் தாவினார் என்று முப்பிடாதிக்கு மட்டும் தெரியும். அதற்காக அவர் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பகலவன் வெட்கப்பட்டு நான்கு நாள் பேசாமல் இருந்திருப்பார்.

அந்த வருஷம் பங்குனியில் பகலவனின் தொண்டை கட்டிக்கொண்டது. சாக்பீஸ் தூசி என்றார். சித்திரையிலும் திறக்கவில்லை. திருநெல்வேலியில் பெரிய டாக்டர் தொண்டைக்குள் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையில் கட்டி, அதோடு சேர்த்துக் குரல்வளையையே எடுத்தாக வேண்டும், குரல் போய்விடும், ஆனால் ஆள் பிழைப்பார், இந்த மாதத்துக்குள் வந்தால் உண்டு, அப்புறம் வந்து பிரயோஜனமில்லை என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்திருந்தது. ஊரின் கிணறுகளெல்லாம் வற்றி, கீழத்தெருப் பெண்களும் குடத்தோடு இங்கே வந்துகொண்டிருந்தார்கள். மேலத்தெருவில் கெட்டவர்கள் யாரும் இல்லை. பகலவன் வீட்டுக்குப் பனங்கற்கண்டு வந்தது, மிளகுப்பால் வந்தது, சித்தரத்தை வந்தது. கொண்டுவந்த ஒவ்வொருவரும் எழுந்து போகும்போது வாசலில் நின்று, "ஆனியில எப்படியும் மழை விழுந்திரும். அது வரைக்கும் மெல்லமாப் பேசினாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பகலவனும் கம்மிய குரலில், "நான் எங்கேயும் போகலை. தெரு நாக்கு வறண்டு கிடக்கும்போது நான் ஆஸ்பத்திரியில படுத்துக்கிடவா" என்றார். அது முழு உண்மையில்லை என்று முப்பிடாதிக்குத் தெரியும். குரலில்லாத பகலவன் யாராக இருப்பார் என்று அந்த மனிதருக்கே தெரியவில்லை, அதுதான் பயம்.

ஒரு மத்தியானம் பகலவனின் மனைவி செண்பகவடிவு சேவுக்கடைக்கு வந்தாள். சேவு வாங்க வரவில்லை.

"அண்ணாச்சி, என் வீட்டுல சாமி படம் கிடையாது. நான் யார்கிட்டப் போய்க் கேக்க? அதான் உங்ககிட்ட வந்தேன். அவரைப் போகச் சொல்லுங்க."

"நான் சொன்னா எதுத்துல்லா பேசுவாரு தாயி. நாப்பது வருசமா அதுதானே."

"அப்ப எதுத்துப் பேச முடியாத மாதிரி சொல்லுங்க" என்றாள். அவள் அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டாள்.

முப்பிடாதி முதலில் சுலபமான வழியைப் பார்த்தார். மறுநாள் கடையைத் திறக்காமல் வீட்டுக்குள் படுத்துக்கொண்டார். பகலவன் குழாயடிக்கு வந்து, எதிரே ஆள் இல்லாவிட்டாலும், போன வாரம் முப்பிடாதி சொன்னதையெல்லாம் தானே சொல்லி, தானே மறுத்து, இருமி இருமிப் பேசினார். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. இரண்டு குடம் நிறைவதற்குள் துண்டில் ரத்தம் பட்டது. துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் பேசினார். வராமல் இருந்தால் போதாது என்று முப்பிடாதிக்கு அப்போது புரிந்தது. ஆள் இல்லாமலும் சண்டை நடக்கும். இருவரும் ஒரே கட்சியானால்தான் குழாய் நிற்கும், குழாய் நின்றால்தான் தெரு அவரை விடும். பகலவன் இந்தப் பக்கம் வருகிற ஆள் இல்லை. அப்படியானால் அந்தப் பக்கம் போகிறவர் தான்தான்.

அதற்கடுத்த நாள் காலையில் முப்பிடாதி குளித்தார், திருநீற்றுக் கொப்பரையை எடுத்தார், திரும்ப வைத்தார். எண்ணெய் காய்ந்தது. முதல் ஈட்டை அள்ளி, இலைத்துண்டைத் தேடிய கையைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி நிறுத்தி, விற்கிற தட்டிலேயே கொட்டினார். வெறும் நெற்றியோடு தெருவுக்கு வந்தபோது வரிசையில் இடுப்புக் குடங்கள் கீழே இறங்கின.

பகலவன் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"என்னவே, நெத்தி..."

"நீரு சொன்னதுதான் சரி" என்றார் முப்பிடாதி. "சாமி இல்லை."

பகலவன் சிரித்தார். "எனக்காகப் பொய் சொல்லுதீரு." குழாயில் ஒரு கை அளவு தண்ணீர் விழுந்தது. உச்சிமாகாளி குடத்தை நீட்டினாள்.

முப்பிடாதி கண்ணை மூடிக்கொண்டார். அடுத்ததைச் சொல்லத்தான் அவர் இரவெல்லாம் தயங்கியிருந்தார். சொல்லாமல் இந்த மனிதரை நம்பவைக்க முடியாது என்றும் தெரிந்திருந்தது.

"பூங்கோதைக்கு ஜன்னி கண்டுக்கிட்டு இருக்கும்போது நான் அம்மன் நடையில போய் விழுந்தேன். விடிய விடியக் கூப்பிட்டேன். நான் கூப்பிடாத பேரு இல்லை. உள்ள ஆள் இருந்தா எந்திரிச்சு வந்திருக்கும் வே. கதவு சாத்தின வீட்டுல கூப்பிடுத மாதிரி இருந்தது. பத்தொன்பது வருசமா நீரு என்கிட்ட இதைக் கேக்கலை. நான் என்கிட்ட கேக்காத நாள் கிடையாது."

பொய் சொல்லப் போகிறோம் என்று நினைத்துத்தான் அவர் வந்தார். சொல்லி முடித்த பிறகு, அதில் எவ்வளவு பொய் என்று அவருக்கே தெரியவில்லை. பகலவன் வாயைத் திறந்தார். மறுத்தால் தன் கட்சியைத்தான் மறுக்க வேண்டும். அவருடைய கட்சிதானே ஜெயித்திருந்தது. சாக்பீஸ் கீழே விழுந்தது. பூங்கோதையைக் குழியில் இறக்கும்போது ஒரு பக்கம் பிடித்தவர் அவர். முப்பிடாதியின் தோளில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

குழாய் நின்றது. ஒரு சொட்டு நுனியில் தொங்கி, அதுவும் காய்ந்தது.

அன்றைக்கு மத்தியான பஸ்ஸில் செண்பகவடிவு அவரைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். யாரும் தடுக்கவில்லை.

அதற்கப்புறம் மேலத்தெருப் பெண்கள் சுண்ணாம்புக் குவாரிப் பள்ளத்துக்கு இரண்டு மைல் நடந்தார்கள். முப்பிடாதியைப் பார்த்தால் கோயில் பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பகலவனின் தோழர்கள் முப்பிடாதிக்கு ஒரு துண்டு போர்த்த வந்தார்கள். அவர் கரண்டியைக் காட்டி அனுப்பிவிட்டார். தெருவே அவரைத் திட்டும் என்று காத்திருந்தார், யாரும் திட்டவில்லை. பத்தாம் நாள் உச்சிமாகாளி தலையில் குடத்தோடு கடை முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, போங்க, போய் உடம்பைப் பாருங்கன்னு அவருகிட்ட நாங்கதான் சொல்லியிருக்கணும். நாங்க பனங்கற்கண்டு கொடுத்தோம்" என்றாள். அந்தக் குடத்தைக் கொண்டுபோய்ப் பூட்டியிருந்த பகலவன் வீட்டு வேப்பங்கன்றுக்கு ஊற்றினாள். அடுத்த நாள் வேறொருத்தி ஊற்றினாள். அதற்கும் ஒரு வரிசை உண்டாகிவிட்டது.

முப்பிடாதிக்கு வேறு கவலை. தினமும் எண்ணெய் காய்ந்தது, சேவு பொரிந்தது, ஈசான மூலை காலியாகக் கிடந்தது. திருநீற்றுக் கொப்பரையில் கை வைக்கக் கூசியது. நாலு பேர் கேட்க இல்லை என்று சொன்ன வாயால் எப்படித் திரும்பப் பேச்சைத் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மன் தேர் தெருவழியே வந்தபோது கடைக்குள் மாவு மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நண்பன் பிழைத்தான் என்று தகவல் வந்தபோது யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் இரண்டு ஈட்டுச் சேவைக் கருகவிட்டார்.

நாற்பத்து மூன்றாம் நாள் காலையில் பகலவன் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி, கையில் பள்ளிக்கூடத்துச் சிலேட்டு. குழாயடியில் முதுகு சொறிந்துகொண்டிருந்த எருமையை விரட்டிவிட்டு, கடைக்கு எதிரே வந்து நின்றார். முப்பிடாதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இறங்கி ஓடினார். என்ன சொல்வது என்று தெரியாமல், "சாப்பிட்டீரா" என்றார். பேச முடியாதவரிடம் போய்க் கேள்வியா என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பகலவன் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "நெற்றி ஏன் இன்னும் வெறிச்சென்று கிடக்கிறது?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பூச? தெருவே கேக்க இல்லைன்னு சொன்னவன். அவ எம்மேல கோவமா இருப்பா."

பகலவன் சிலேட்டைச் சட்டையில் துடைத்தார். நிதானமாக எழுதினார்.

"இல்லாதவளுக்கு எப்படிக் கோபம் வரும்?"

முப்பிடாதி அதை இரண்டு தரம் படித்தார். இந்த நாற்பது நாளில் அவருக்கு யாரும் ஆறுதல் சொல்லவில்லை. பகலவன் சொன்னார், அவருக்குத் தெரிந்த ஒரே பாஷையில். முப்பிடாதிக்குப் பழைய கோபம் ஏறி வந்தது.

"யாருவே இல்லாதவ? நாப்பது நாளா நான் அவகிட்டப் பேசலை, அவ என்கிட்டப் பேசலை. இல்லாத ஆளுகூட எவனாவது பேச்சை முறிச்சுக்கிட்டு இருப்பானா?"

பகலவனின் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரிப்பதற்கு அவர் இன்னும் பழகவில்லை. எழுதினார்: "நான் நாற்பது வருஷமாக அவளோடு பேசாமல்தானே இருக்கிறேன்."

"அப்ப நீரும் முறிச்சுக்கிட்டுத்தான் இருக்கீரு. முறிச்சுக்கிட ஒரு ஆளு வேணும்லா?"

குழாய் இருமியது. காற்று வந்தது, துரு வந்தது, அப்புறம் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்து, மெல்லத் தெளிந்தது. கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த உச்சிமாகாளி துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கினாள். ஐந்து நிமிஷத்தில் வரிசை கோயில் மூலை வரைக்கும் நின்றது.

ஆனாலும் தண்ணீர் முன்னைப் போலக் கொட்டவில்லை. பின்னால் நின்றவர்களுக்குச் சிலேட்டு தெரியவில்லை. முன்னால் நின்றவர்களில் பாதிப்பேருக்கு எழுத்துத் தெரியாது. ஒரு பக்கத்துச் சத்தம் மட்டும் கேட்டால் அது சண்டையாகாதே. "அவரு என்ன சொல்லுதாருன்னு உரக்க வாசிங்க அண்ணாச்சி, ரெண்டு பக்கமும் கேட்டாத்தானே" என்று உச்சிமாகாளி அதட்டினாள். முப்பிடாதி பகலவனைப் பார்த்தார். பகலவன் சிலேட்டை நீட்டினார்.

அன்றிலிருந்து இன்றுவரை மேலத்தெருவில் அப்படித்தான் நடக்கிறது. முப்பிடாதி முதல் ஈட்டை இலைத்துண்டில் அள்ளி ஈசான மூலையில் வைத்துவிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, ஆறு மணிக்குக் குழாயடிக்கு வருகிறார். பகலவன் எழுதி எழுதிச் சிலேட்டை நீட்டுகிறார். முப்பிடாதி அதை வாங்கி, கோயில் மூலை வரைக்கும் கேட்கிற தன் சொந்தக் குரலில், கடவுள் இல்லை என்பதையும் ஏன் இல்லை என்பதையும் ஒரு சொல்லும் குறைக்காமல், ஓர் இடத்திலும் குரலைத் தாழ்த்தாமல், நண்பனுக்காக வாசித்து முடிக்கிறார். அதன் பிறகுதான் தன் பதிலைச் சொல்லத் தொடங்குகிறார்.